மௌனம் இசைவாகுமா? பொதுச் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளும் நிறுவனத் தரவுகளின் விலகுரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு (1994 – 2024)

ஆய்வுச்சுருக்கம்

நிறுவனங்கள் தம் அன்றாட அலுவலுக்குப் பயன்படுத்தும் மென்பொருள்களில் சேரும் செய்திகளும் கோப்புகளும், வாடிக்கையாளர் அனைவருக்கும் பொதுவான செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தப்படும் நிலை உருவாகியுள்ளது. இதனை விரும்பாத நிறுவனம் தானே முன்வந்து விலக வேண்டும் என்னும் நடைமுறையின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தொலைபேசிக்கும் இணையத்திற்கும் ஏற்பட்ட விலகுரிமை, மாதிரிப் பயிற்சிக்கு ஏன் போதுமானதாக அமையவில்லை என்பதை இரு நிகழ்வுகளின்வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: விலகுரிமை, இசைவு, இயந்திரக் கற்றல், நிறுவனத் தரவு, ஸ்லாக், ஜூம்.

முன்னுரை

‘மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி’ என்பது நம் வழக்கு. எதிரில் இருப்பவரிடம் வினவி, அவர் வாய் திறவாதபோது கொள்ளும் பொருள் அது. வினவாமலேயே கொள்ளப்படும் மௌனத்தை இசைவு எனலாமா என்பதே விலகுரிமையின் அடிப்படைச் சிக்கலாகும். இச்சிக்கல் செயற்கை நுண்ணறிவோடு தோன்றியதன்று. அதற்கு முன்னரே ஒரு வரலாறு உண்டு.

1. விலகுரிமையின் முன்வடிவங்கள்

1994ஆம் ஆண்டு மார்ட்டைன் கோஸ்டர் முன்மொழிந்த ‘ரோபாட்ஸ்’ கோப்பு முறை, இணையத்தில் விலகுரிமையின் தொடக்க வடிவங்களுள் ஒன்றாகும். தளத்தின் எப்பகுதிகளைத் தானியங்கி நிரல்கள் படிக்கக் கூடாது என்பதைத் தள உரிமையாளர் ஒரு சிறு கோப்பில் குறித்து வைப்பார். குறிப்பு இல்லையெனில் படிக்கலாம் என்பது பொருள். இது சட்டத்தால் அன்றி நன்மரபால் இயங்கிய ஏற்பாடாகும். 2022இல்தான் இது முறையான இணையத் தரவரையறையாக வெளியிடப்பட்டது.

தொலைபேசித் துறையில் அமெரிக்கா 2003இலும் இந்தியா 2007இலும் விளம்பர அழைப்புகளை மறுப்போருக்கான தேசியப் பதிவேடுகளைத் தொடங்கின. இங்கும் மறுக்க வேண்டிய பொறுப்பு அழைப்பைப் பெறுபவருக்கே உரியதாயிற்று. எனினும் மறுப்பு நடைமுறைக்கு வந்தபின் அழைப்பு நின்றால், முந்தைய அழைப்பால் விளைந்த தொல்லை தொடர்வதில்லை. பிந்தி மறுப்பவரும் முழுப்பயன் பெறுவர்.

2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியப் பதிப்புரிமை நெறியாணை, நான்காம் பிரிவின்வழி, விலகுரிமைக்குச் சட்டத் தகுதி அளித்தது. உரிமையாளர் தக்க முறையில் மறுத்திருந்தாலன்றி, முறைப்படி அணுகத்தக்க படைப்புகளைத் தரவு அகழ்வுக்குப் பயன்படுத்தலாம் என்றது. ஆயின் அது படைப்புகளைப் பற்றியது. பூட்டிய அறைக்குள் நிகழும் அலுவல் உரையாடல்களை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டதன்று.

2. ஜூம் நிகழ்வு (2023)

2023 மார்ச் மாதம் திருத்தப்பட்ட ஜூம் நிறுவனத்தின் சேவை விதிமுறைகள், வாடிக்கையாளர் தரவை இயந்திரக் கற்றலுக்குப் பயன்படுத்தும் பரந்த உரிமையை அந்நிறுவனத்திற்கு அளித்தன. அவ்வாண்டு ஆகஸ்டு தொடக்கத்தில்தான் இது பரவலாகக் கவனிக்கப்பட்டது. எதிர்ப்பு எழவே, முதலில் ‘இசைவின்றிப் பயன்படுத்த மாட்டோம்’ என்ற தொடர் சேர்க்கப்பட்டது. ஆனால் கூட்டத்தை நடத்துபவரின் இசைவு, அதில் பங்கேற்பவரின் இசைவாகுமா என்னும் வினா எஞ்சியது. ஆகஸ்டு 11 அன்று, ஒலி, காட்சி, உரையாடல் முதலிய வாடிக்கையாளர் உள்ளடக்கத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதில்லை என விதிமுறை மீண்டும் திருத்தப்பட்டது.

3. ஸ்லாக் நிகழ்வு (2024)

2024 மே மாதம் ஸ்லாக் நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கை விவாதப் பொருளாயிற்று. வாடிக்கையாளரின் செய்திகளையும் கோப்புகளையும் தம் அமைப்புகள் பகுப்பாய்வு செய்து மாதிரிகளை உருவாக்கும் என்று அது கூறியது. விலக விரும்பினால், நிறுவனக் கணக்கின் பொறுப்பாளர் குறிப்பிட்ட தலைப்பிட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ஊழியர் ஒருவர் தமக்கென விலக வழியில்லை.

அலைவரிசைப் பரிந்துரை, தேடல் முடிவுகளின் வரிசை, உணர்ச்சிக்குறிப் பரிந்துரை போன்றவற்றுக்கே இம்மாதிரிகள் பயன்படுகின்றன. பெருமொழி மாதிரிகளை வாடிக்கையாளர் தரவால் பயிற்றுவிப்பதில்லை. செய்திகளை மீள வெளிப்படுத்தும் வகையில் மாதிரிகள் அமைக்கப்படவில்லை என்று நிறுவனம் விளக்கமளித்தது. கொள்கையின் சொற்களும் தெளிவுபடுத்தப்பட்டன. விலகுவோரின் தரவு அவர்தம் பணியிட மேம்பாட்டுக்கு மட்டுமே பயன்படும் என்றும், பொது மாதிரிகளின் பயன் அவர்களுக்கும் தொடர்ந்து கிடைக்கும் என்றும் அக்கொள்கை கூறியது. அதாவது விலகுவதால் வாடிக்கையாளர் இழப்பது ஏதுமில்லை. இழப்பில்லாத நிலையிலும், விலகுவதற்கு முயற்சி தேவைப்படுமாறு முறை அமைந்திருந்தது. எனவே விலகாதிருந்தோரின் எண்ணிக்கையை இசைந்தோரின் எண்ணிக்கையாகக் கொள்ளல் பொருந்தாது. அறிந்து இசைந்தவரும் அறியாது இருந்தவரும் அதில் ஒருங்கே அடங்குவர்.

4. மீட்க இயலாமை

அழைப்பு மறுப்பிலிருந்து பயிற்சி மறுப்பு வேறுபடும் இடம் இதுவேயாகும். ஒரு தரவு மாதிரியின் எண்ணளவைகளில் கலந்தபின், அதன் பங்கை மட்டும் பிரித்தெடுத்தல் மிகக் கடினம். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2021இல் எவரால்பம் நிறுவனத்தின் மீதான வழக்கில், தக்க இசைவின்றிப் பயனரின் ஒளிப்படங்களைக் கொண்டு உருவாக்கிய முகமறி மாதிரிகளையே அழிக்குமாறு பணித்தது. தரவை அழிப்பதோடு நில்லாமல் மாதிரியையும் அழிக்கச் சொன்னது, இக்கடினத்தை உணர்ந்ததன் சான்று எனலாம். பயிற்சிக்குப் பின்வரும் விலகல் எதிர்காலத்தை மட்டுமே காக்கும். 2024 பிப்ரவரியில் அதே ஆணையம், தரவுப் பயன்பாட்டு விதிகளை ஓசையின்றித் திருத்துதல் முறையற்றதாகவோ ஏமாற்றாகவோ கருதப்படலாம் என எச்சரித்ததும் இங்கு இணைத்து நோக்கத்தக்கது.

5. இந்தியச் சூழல்

ஜூம் தன் விதியை இறுதியாகத் திருத்திய அதே நாளில், 2023 ஆகஸ்டு 11 அன்று, இந்தியாவின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இசைவு தெளிவான செயலால் வெளிப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் நெறி. ஆயினும் அது தனிநபர் தரவுக்கே உரியது. ஒரு சிறுதொழிலகத்தின் விலைப்பட்டியல், கொள்முதல் திட்டம் போன்றவை தனிநபரைச் சுட்டாதவிடத்து அதன் வரம்புக்குள் வாரா. தனிநபர் சாராத் தரவு குறித்துக் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் தலைமையிலான குழு 2020இல் அளித்த அறிக்கையோ, தரவைப் பொதுநலனுக்காகப் பகிர்தலையே முதன்மையாக வலியுறுத்தியது. பகிர்வின் பயன் மறுக்கத்தக்கதன்று. பலர் தரவும் சேர்ந்தாலன்றிச் சில மாதிரிகள் செம்மையுறா. ஆனால் பொதுநலன் என்னும் வாதம், ஒரு தனியார் நிறுவனம் தன் மாதிரிக்காகத் தரவைத் திரட்டும்போது அப்படியே பொருந்துவதில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் புலனாகின்றன. ஒன்று, விலகுரிமை மீளத்தக்க தொல்லைகளுக்கு உருவான கருவியாகும். இரண்டு, மீள இயலாத மாதிரிப் பயிற்சிக்கு அதை அவ்வாறே பெயர்த்தபோது காலந்தாழ்ந்து அறிவோர் இழப்புக்கு ஆளாகின்றனர். மூன்று, முடிவெடுப்பவர் கணக்கின் பொறுப்பாளராகவும், பதிவாகும் சொற்கள் ஊழியருடையனவாகவும் இருத்தலால், நிறுவனத்தின் இசைவே அனைவரின் இசைவாகிவிடுகிறது. ஆதலின் பயிற்சிக்கு முன்னரே வினவிப் பெறும் இசைவே பொருத்தமான நெறியாகும். ஆய்வுத் தரவுகளையும் மாணவர் உரையாடல்களையும் இத்தகைய மென்பொருள்களில் ஒப்படைக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்தும். ஒப்பந்தத்தில் ஒப்பமிடும் முன், தரவு எம்மாதிரிக்குச் செல்கிறது என்று கேட்பது அவற்றின் கடமையாகிறது.