தோயா ஏரிக்கரையின் வெந்நீர் நகரம்: ஓர் எரிமலை நினைவின் வரலாறு

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் தென்மேற்கில், உசு எரிமலையின் வடக்கு அடிவாரத்துக்கும் தோயா ஏரிக்கும் இடைப்பட்ட குறுகலான கரையில் அமைந்துள்ள தோயாகோ ஒன்சென் என்னும் நகரம், ஒரு நூற்றாண்டைச் சற்றே கடந்த வயதுடையது. 'ஒன்சென்' என்பது நிலத்தடி வெப்பத்தால் சூடேறிய ஊற்றுநீரையும், அந்நீரில் குளிக்க வருவோரை நம்பி வளர்ந்த ஊரையும் ஒருங்கே குறிக்கும் சொல்லாகும். ஜப்பானின் பழைய ஒன்சென்கள் பல தங்கள் தோற்றத்தைத் துறவியரையும் தெய்வங்களையும் பற்றிய கதைகளில் தேடிக்கொள்ள, தோயாகோவின் பிறப்புக்கு 1910-ஆம் ஆண்டின் எரிமலை வெடிப்பே காரணமாகத் திட்டவட்டமாக அறியப்படுகிறது. ஊரைத் தோற்றுவித்த மலையே பிற்காலத்தில் அதை இருமுறை கடுமையாகத் தாக்கிய போதும் ஊர் அழியாமல் நிலைத்ததற்கு, வெடிப்புகளுக்கு இடைப்பட்ட காலம் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கியதும், கண்டவர்கள் தாம் கண்டதை அடுத்த தலைமுறைக்குப் பயன்படும்படி பதிந்துவைத்ததுமே முதன்மையான காரணங்கள் எனலாம்.

ஏரி, மலையைவிட மிக மூத்தது. சுமார் 1,10,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாபெரும் வெடிப்பில் நிலத்தடியிலிருந்த பாறைக்குழம்பு பெருமளவில் வெளியேற, தாங்குதளத்தை இழந்த தரை உள்வாங்கியதால் உண்டான பெரும்பள்ளத்தில் நீர் தேங்கியே தோயா ஏரி உருவாயிற்று. இத்தகைய பள்ளத்தைப் புவியியலார் 'கால்டெரா' என்பர். ஏறத்தாழ வட்ட வடிவமாக, 10 கிலோமீட்டர் அளவுக்கு விட்டமும் 180 மீட்டர் அளவுக்கு ஆழமும் கொண்ட இவ்வேரியின் தென்விளிம்பில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உசு மலை எழத் தொடங்கியது. பல்லாயிரம் ஆண்டுகள் உறங்கிக் கிடந்த அம்மலை 1663-இல் பெருவெடிப்புடன் விழித்துக்கொண்டது. அதன் பின் 1769, 1822, 1853 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் வெடித்தது. அக்காலத்தில் அப்பகுதியின் கடற்கரையில் வாழ்ந்தோர், ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான அய்னு மக்களும், அவர்களுடனான வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த மட்சுமாயே சிற்றரசைச் சேர்ந்தோருமே ஆவர். 1822-ஆம் ஆண்டு வெடிப்பின்போது, சுடுவாயுவும் சாம்பலும் கற்களும் கலந்து மலைச்சரிவில் அதிவேகமாகப் பாயும் 'எரிமலைப் பாய்வு' கடற்கரையிலிருந்த அபுட்டா குடியிருப்பை எரித்தழித்ததில் பலர் மாண்டனர்.

இம்மலையின் இயல்பு ஒன்று அதன் வரலாற்றையே தீர்மானித்தது. உசுவின் பாறைக்குழம்பு சிலிக்கா மிகுந்து பிசுபிசுப்பானது என்பதால் எளிதில் மேலேறுவதில்லை. வழியிலுள்ள பாறைகளை உடைத்துக்கொண்டும் தரையை உயர்த்திக்கொண்டுமே அது ஏற வேண்டியிருக்கிறது. ஆகவே அறியப்பட்ட வெடிப்புகள் ஒவ்வொன்றுக்கும் முன், மக்கள் உணரத்தக்க நில அதிர்வுகள் நாட்கணக்கில் அல்லது மாதக்கணக்கில் தொடர்ந்துள்ளன. அதிர்வு தொடங்கினால் வெடிப்பு வரும் என்ற இவ்வறிவு, கருவிகள் வருவதற்கு முன்பே உள்ளூர் மரபில் ஊன்றியிருந்தது.

1910 ஜூலையில் அதிர்வுகள் பெருகியபோது அம்மரபறிவு முதன்முறையாக அரசு ஆணையாக மாறியது. டோக்கியோவின் புகழ்பெற்ற நிலநடுக்க அறிஞர் ஓமோரி ஃபுசாகிச்சியின் விரிவுரைகளைக் கேட்டிருந்தவரும், அப்போது முரோரான் நகரின் காவல்துறைத் தலைவராக இருந்தவருமான ஈடா செயிச்சி, வெடிப்புக்கு முன்னரே சுற்றுவட்டாரத்து மக்கள் சுமார் 15,000 பேரை வெளியேற உத்தரவிட்டார். ஜூலை 25 அன்று மலையின் வடக்கு அடிவாரத்தில் வெடிப்பு தொடங்கியது. பின்னர் அங்கு வந்து சேர்ந்த ஓமோரி, பாறைக்குழம்பின் நகர்வால் உண்டாகும் 'எரிமலை நடுக்கம்' என்னும் நுண்ணதிர்வைக் கருவி கொண்டு பதிவுசெய்தார்; உலகில் அத்தகைய பதிவுகளில் அதுவே முதலாவதாகக் கருதப்படுகிறது. அவ்வெடிப்பில் பாறைக்குழம்பு வெளியே வழியாமல் நிலத்துக்குள்ளேயே தங்கி, தரையைச் சுமார் 150 மீட்டர் உயர்த்திப் புதிய குன்றொன்றை எழுப்பியது. உள்ளே தங்கிய அந்த வெப்பமே நிலத்தடி நீரைச் சூடாக்கியதால், அதுவரை வெந்நீர் அறியாத ஏரிக்கரையில் 1917-இல் சுமார் 43 பாகை வெப்பமுள்ள ஊற்று கண்டறியப்பட்டது. விரைவில் அங்கே 'ரியோகான்' எனப்படும் மரபுவழி விடுதிகள் தோன்றின. 1929-இல் கடற்கரை இருப்புப்பாதையிலிருந்து ஏரிவரை மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. 1949-இல் இப்பகுதி ஷிகோட்சு-தோயா தேசியப் பூங்காவில் இடம்பெற்றது.

1910-இல் ஓமோரியின் குழுவுக்கு உதவிய இளம் அஞ்சல் ஊழியர் மிமாட்சு மசாவோ, 1943 டிசம்பர் இறுதியில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் மீண்டும் அதிர்வுகள் எழுந்தபோது சோபெட்சு ஊரின் அஞ்சலகத் தலைவராக இருந்தார். போர்க்காலமாதலால் செய்தி வெளிவராதபடி அரசு தடுத்தது. ஆய்வாளர்களும் கருவிகளும் கிடைக்கவில்லை. எனவே அவர் அஞ்சலகத்தின் பின்புறத்தில் கிடைமட்டமாக நூல்களைக் கட்டி, கண்ணை ஒரே இடத்தில் நிலைநிறுத்தி, நூல்களோடு ஒப்பிட்டு மலையின் விளிம்பை அவ்வப்போது வரைந்துவந்தார். கோதுமை வயலாக இருந்த நிலம் 1945-க்குள் ஷோவா-ஷின்சான் என்னும் புதுமலையாக, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர் வரை எழுந்த படிநிலைகள் யாவும் அவ்வரைவில் பதிவாயின. 1948-இல் ஓஸ்லோவில் கூடிய பன்னாட்டு எரிமலையியல் மாநாட்டில் முன்வைக்கப்பட்ட அது, 'மிமாட்சு வரைபடம்' என்ற பெயரில் புகழ்பெற்றது. மலையைக் காக்கும் பொருட்டு அவர் 1946-இல் அந்நிலத்தைத் தம் சொந்தப் பணத்தில் வாங்கினார்.

1977 ஆகஸ்ட் 7 அன்று, கோடைப் பயணிகள் நிறைந்திருந்த வேளையில், ஏறத்தாழ ஒன்றரை நாள் அதிர்வுக்குப் பின் மலையுச்சி வெடித்துச் சாம்பல் தூண் சுமார் 12,000 மீட்டர் உயர்ந்தது. சாம்பல் படிந்த சரிவுகளில் மழை பெய்ததால் 1978 அக்டோபரில் இறங்கிய சேற்றுவெள்ளம் வெந்நீர் நகரத்தைத் தாக்கியதில் இருவர் இறந்தனர், ஒருவர் காணாமற்போனார். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் சேறு தடுக்கும் அணைகளும் கால்வாய்களும் கட்டப்பட்டன. ஹொக்கைடோ பல்கலைக்கழகம் உசுவில் ஆய்வு நிலையம் நிறுவியது. பயணிகளை மீண்டும் ஈர்க்க 1982 முதல் கோடைக்கால இரவுகள்தோறும் ஏரியில் வாணவேடிக்கை நடத்தும் வழக்கம் தோன்றியது. ஆயினும் அபாயப் பகுதிகளைக் குறித்துக்காட்டும் வரைபடத்தை வெளியிடுவது சுற்றுலாவைக் கெடுக்கும் என்ற தயக்கம் நெடுங்காலம் நீடித்தமையால், அது 1995-இல்தான் வீடுகளுக்கு வழங்கப்பட்டது.

அதன் பயன் ஐந்தாண்டுகளில் தெரிந்தது. 2000 மார்ச் 27 அன்று அதிர்வுகள் தொடங்கின. 29 அன்று வானிலை முகமை வெடிப்பு நெருங்குவதாக முன்னறிவிப்பு வெளியிட்டது. மலையை நெடுங்காலம் ஆராய்ந்த பேராசிரியர் ஒகாடா ஹிரோமு போன்றோர் உள்ளூர் ஆட்சியாளர்களுக்கு நேரடியாக ஆலோசனை கூற, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினர். 31 அன்று மேற்கு அடிவாரத்திலும், மறுநாள் நகரத்தை ஒட்டிய கொம்பிரா குன்றிலும் வெடிவாய்கள் திறந்தன. அவற்றின் எண்ணிக்கை இறுதியில் 60-ஐத் தாண்டியது; நெடுஞ்சாலை பிளந்தது; சேற்றுவெள்ளம் பாலமொன்றைப் பெயர்த்து அடுக்குக் குடியிருப்பில் மோதியது. உயிரிழப்பு ஒன்றுகூட நேரவில்லை.

சேற்றில் புதைந்த அக்குடியிருப்பையும் உடைந்த சாலையையும் அகற்றாமல் காட்சிப் பாதைகளாகப் பேணுவதென ஊர் முடிவு செய்தது, முன்பு அபாய வரைபடத்துக்கே தயங்கிய சுற்றுலாத் தொழிலில் நேர்ந்த பெருமாற்றத்தைக் காட்டுகிறது. 2009-இல் தோயா-உசு பகுதி, ஜப்பானின் முதல் உலகப் புவிப்பூங்காக்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. 'எரிமலை மெய்ஸ்டர்' என்ற தகுதி பெற்ற உள்ளூர்வாசிகள் பயணிகளுக்கும் பள்ளி மாணவர்க்கும் மலையின் போக்கை விளக்குகின்றனர். 1910-ஐ இளைஞராகக் கண்ட மிமாட்சு 1943-இல் பதிவாளராகவும் 1977-இல் முதியவராகவும் இருந்தார். 1977-ஐ அனுபவித்தவர்களே 2000-இல் முடிவெடுக்கும் இடங்களில் இருந்தனர். ஆனால் எழுத்துப் பதிவுகளின்படி 1663-க்கும் 1769-க்கும் இடையே நூறாண்டுக்கு மேற்பட்ட அமைதியும் இம்மலையில் நிலவியதுண்டு. அத்தகைய இடைவெளி மீண்டும் நேருமாயின் கண்டவர் எவரும் எஞ்சியிருக்க மாட்டார் என்பதால், நினைவைத் தனிமனிதரிடமிருந்து இடங்களுக்கும் பயிற்சிக்கும் மாற்றிவைக்கும் இம்முயற்சியே, வெந்நீரையும் ஏரியையும் போலவே, அவ்வூரின் வாழ்வுக்கு அடிப்படையாகிறது.