எபெனேசர்

நெல்லை, குமரிப் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களில் வீட்டு முகப்பிலும் ஆலயச் சுவரிலும் ‘எபெனேசர்’ என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். ஆள் பெயராகவும் வழங்குகிறது. எபிரேயத்தில் ‘எபென்’ கல், ‘ஏசெர்’ உதவி. ஆக, உதவிக்கல். எலியேசர் என்ற பெயரின் பின்பாதியும் இந்த ‘ஏசெர்’தான்.

பெயருக்கு விளக்கம் வரும் இடம் 1 சாமுவேல் 7-ஆம் அதிகாரம். பெலிஸ்தரை வென்றபின் மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே சாமுவேல் ஒரு கல்லை நாட்டி இப்பெயரிட்டார். இதை வெற்றித் தூண் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிப் பொருள் போய்விடும். சற்று முன்னே, 4-ஆம் அதிகாரத்தைப் புரட்டுங்கள். எபெனேசர் அருகே பாளயமிறங்கிய இஸ்ரவேலர் முதலில் ஏறத்தாழ 4,000 பேரையும், பிறகு 30,000 காலாட்களையும் இழந்தார்கள். உடன்படிக்கைப் பெட்டியும் பறிபோனது. ஆசாரியர் ஏலியின் மகன்கள் இருவரும் மாண்டார்கள். பெட்டி திரும்பிய பின்னும் 20 ஆண்டுகள் புலம்பலிலேயே கழிந்தன. அத்தனை இழப்பையும் நினைவில் சுமந்த பெயரைத்தான் சாமுவேல் அந்தக் கல்லுக்கு வைத்தார். எனக்கு இதுவே இச்சொல்லின் உயிர் என்று படுகிறது.

தமிழ் வேதாகமத்தில் இப்பெயருக்கான விளக்கம் ‘இம்மட்டும்’ என்று தொடங்கும். இதுவரை, இந்த இடம்வரை என்று பொருள். கடன், நோய், சாவு எல்லாம் கண்ட குடும்பங்கள் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தால், பெரும்பாலும் வாயில் முதலில் வருவது இந்தச் சொல்தான்.

பேச்சிலும் பெயர்ப்பலகையிலும் எபினேசர், எபநேசர் என்ற வடிவங்களும் உண்டு.