எதிர்வாக்கு இல்லாமையும் எல்லார் கையெழுத்தும்: அடுக்குமாடிக் குத்தகை நீட்டிப்பில் பிரிவு 17(3)

கிள்ளான் பள்ளத்தாக்கு அடுக்குமாடிகளின் குத்தகை நீட்டிப்பை ஆராய்ந்தவர்களிடையே ஒரு முடிவு கேள்வியின்றி வழங்கிவருகிறது. கட்டடத்தின் அத்தனை வீட்டு உரிமையாளர்களும் கையெழுத்திட்டாலொழிய நிலத்தின் 99 ஆண்டுத் தவணையை நீட்டிக்க வழியில்லை என்பதே அது. ஆதாரமாகக் காட்டப்படுவது 1985ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா பட்டாச் சட்டம் (சட்டம் 318), பிரிவு 17(3). பொதுச் சொத்தின் மீது நில உரிமையாளருக்குரிய அதிகாரங்களை நிர்வாகக் கழகத்துக்கு வழங்கும் இவ்வுட்பிரிவு, அவற்றை ஒருமனத் தீர்மானத்தின் பேரிலேயே செலுத்தலாம் என்று கட்டுப்படுத்துகிறது. மேற்கண்ட முடிவு இந்த ஆதாரத்திலிருந்து பிறக்கவில்லை என்பது என் வாதம்.

ஒருமனத் தீர்மானத்துக்குச் சட்டமே வரையறை தந்திருக்கிறது: முறைப்படி அறிவித்துக் கூட்டிய பொதுக்கூட்டத்தில், எதிராக ஒரு வாக்கும் விழாமல் நிறைவேறும் தீர்மானம். அனைவரும் ஆதரிக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. எவரும் எதிர்க்காதிருந்தால் போதும் என்கிறது. கூட்டத்துக்கு வராதவரும், வந்து வாக்களிக்காமல் இருந்தவரும் தடையாக மாட்டார்கள். 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் (சட்டம் 757) குறைவெண்ணிக்கைக்குத் தரும் நெகிழ்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதிப் பேர் வராவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்து, வந்தவர்களை வைத்தே கூட்டம் நடத்தலாம்.

இந்த வேறுபாட்டை வெறும் ஏட்டுச் சண்டையாகத் தள்ளிவிட முடியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நகரத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, 25,000 ரிங்கிட் விலை வரம்புக் காலத்தில் மலிவு விலை அடுக்குமாடி வாங்கின. வாங்கிய தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. அப்பா பெயரிலேயே இன்னும் கிடக்கும் பட்டா, பங்கு பிரியாத வாரிசுகள், வாடகைக்கு விட்டுவிட்டு ஜொகூர் போன பிள்ளை: இவர்களையெல்லாம் ஒரே தாளில் கையெழுத்திட வைப்பது நடவாத காரியம். எல்லார் கையெழுத்தும் வேண்டும் என்ற கொள்கை, உண்மையில் இறந்தவர்களின் கையெழுத்தையும் கேட்கிறது.

அப்படியானால் அந்தக் கொள்கை எங்கிருந்து வந்தது? பழைய நடைமுறையிலிருந்து வந்த எச்சம் என்றே கருதுகிறேன். 2017 ஜனவரி 1 வரை தேசிய நிலச் சட்டத்தொகுப்பில் நீட்டிப்புக்கெனத் தனிப் பிரிவு இல்லை. நிலத்தை அரசிடம் ஒப்படைத்துப் புதிய தவணையோடு திரும்பப் பெறுவதே வழி. ஒப்படைப்பில் இருக்கும் பட்டா அழிகிறது. ஆகவே ஈடு வைத்திருக்கும் வங்கி உட்பட, பதிவான உரிமை கொண்டவர்களின் எழுத்துமூல இசைவைப் பிரிவு 196 கேட்டது நியாயமே. கையில் இருப்பதை விட்டுக்கொடுப்பவன் கையெழுத்திட்டுத்தானே ஆக வேண்டும். 2017 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த பிரிவு 90A இந்த அடிப்படையை மாற்றிவிட்டது. தவணை முடியும் முன் உரிமையாளர் நீட்டிப்புக் கேட்கலாம். எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஒப்படைப்புக் காலத்து இசைவு விதியை நீட்டிப்புக் காலத்துக்கும் இழுத்துவந்து, அதற்கு 17(3) என்ற முத்திரையைப் பின்னால் குத்தியிருக்கிறார்கள்.

இதற்கு மேலும் ஒரு படி போகலாம். இங்கே சற்று நிதானித்தே எழுதுகிறேன். 17(3) பேசுவது பொதுச் சொத்தின் மீதான அதிகாரத்தை மட்டும். குத்தகைத் தவணையோ படிக்கட்டுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் மட்டும் உரியதன்று; வீடுகளையும் சேர்த்து முழு மனையையும் தழுவியது. தன் வீட்டைப் பொறுத்து நில உரிமையாளருக்குரிய அதிகாரம் ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறது பிரிவு 34. ஆனால் ஒரு வீட்டின் தவணை மட்டும் மனையின் தவணையைத் தாண்டி நிற்க முடியாது. எனவே விண்ணப்பத்தைக் கழகமே முன்னின்று கொடுக்க வேண்டும். அதற்கு 17(3)இன் ஒருமனம் கட்டாயமில்லை. சட்டம் 318 ஸ்ட்ராட்டா அமைப்பையே கலைப்பதற்குப் பிரிவு 57இல் ஒருமனத்தை வெளிப்படையாகக் கேட்கிறது. கலைப்பதற்குச் சொன்ன நிபந்தனையைக் காப்பதற்கும் ஊகித்துச் சேர்ப்பது, 1948, 1967ஆம் ஆண்டுகளின் விளக்கச் சட்டங்களில் பிரிவு 17A வலியுறுத்தும் நோக்கவழி வாசிப்போடு பொருந்துமா? நான்கில் மூன்று பங்கு வாக்குக் கேட்கும் சிறப்புத் தீர்மானம் போதும் என்பது என் நிலை.

மறுப்புகளில் ஒன்று, நீட்டிப்புக்காக அரசுக்குச் செலுத்தும் பிரீமியம் பற்றியது: விரும்பாதவர் தலையில் கடன் விழாதா? பராமரிப்புக் கட்டணம் போலவே பங்கு அலகுப்படி பிரிக்கலாம். கூரையை மாற்றும்போது எழாத இந்தக் கவலை இங்கே மட்டும் எழுவது விந்தை. பிரிக்பீல்ட்ஸ் கூட்டரசுப் பிரதேசத்திலும் கிள்ளான் சிலாங்கூரிலும் இருப்பதால் பிரீமியம் வேறுபடும் என்பது உண்மையே. சிலாங்கூர் குடியிருப்பாளர்களுக்கு 1,000 ரிங்கிட் சலுகைத் திட்டத்தையும் அறிவித்தது. ஆயினும் 17(3) இரு இடத்துக்கும் பொதுவான சட்டம். நில அலுவலக முகப்பில் எப்படியும் கையெழுத்துக் கேட்பார்கள் என்பது சட்டவாதமே அன்று.

1979இல் பதிவான ஸ்ரீ லெம்பா தீர்ப்பை நீட்டிப்புக் கேட்போருக்குக் கேடயமாகக் காட்டுவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நிரந்தர உரிமை நிலத்தை 99 ஆண்டுக் குத்தகையாக மாற்றிக்கொள்ளச் சொன்ன கோலாலம்பூர் நில அதிகாரிகளின் நிபந்தனையையே அத்தீர்ப்பு செல்லாததாக்கியது. இல்லாத ஆண்டுகளைக் கேட்டு நிற்பவரின் நிலை வேறு. இங்கிலாந்தின் 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வீட்டாருக்கும் தனித்தனியே 90 ஆண்டு நீட்டிப்பு உரிமை தந்ததும் உதவாது. அங்கே எதிரில் நின்றது பெரும்பாலும் தனியார் நில உடைமையாளர். இங்கே நிலம் திரும்பிச் செல்வது அரசுக்கு. 90A-யின் கீழ் அரசு மறுக்கவும் செய்யலாம்.

முதல் வாதத்தை மட்டும் ஏற்றாலும் பெரும்பாலான கட்டடங்களுக்கு வழி திறந்துவிடும். வராதவர்கள் அங்கே பலர். எழுந்து நின்று எதிர்ப்பவர் அரிது. ஒரே ஒருவர் பிடிவாதமாக எதிர்வாக்குப் போடும் கட்டடத்தில்தான் இரண்டாம் வாதம் தேவைப்படும். நீதிமன்றத்தில் சோதிக்க வேண்டியதும் அதுவே.