வண்டி இன்சூரன்சும் அபராதமும்: ஒரு சிறு வரலாறு

கருமத்தம்பட்டி அருகே கணியூர் சுங்கச்சாவடியைக் கடக்கும் கார்களின் முன் கண்ணாடியில் ஃபாஸ்டாக் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது இல்லாத வண்டிக்கு இரு மடங்கு கட்டணம் என்ற விதி 2021 பிப்ரவரியில் வந்தது. ஆனால் இன்சூரன்சுக்கு இந்தியாவில் இப்படி ஒரு ஸ்டிக்கர் கட்டாயம் கிடையாது!

பிரான்சில் இருந்தது. பச்சை நிறச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டாவிட்டால் 35 யூரோ அபராதம். 2024 ஏப்ரல் 1 முதல் அதுவும் ஒழிந்தது. வண்டி எண்ணைத் தட்டினாலே போலீசாருக்கு விவரம் தெரிந்துவிடுகிறது.

சரி, கட்டாய இன்சூரன்ஸ் எப்படி வந்தது? இங்கிலாந்தில் 1930-ல் சட்டமானது. இந்தியாவில் 1939-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் அந்தப் பகுதி அமலுக்கு வந்தது 1946 ஜூலை 1-ல்தான். 1988-ம் வருடச் சட்டத்தின் 196-வது பிரிவு, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது. 2019 செப்டம்பரில் அபராதம் 2000 ரூபாயானது; மறுபடி மாட்டினால் 4000.

அபராதம் இருந்தும் பலர் முதல் வருடத்தோடு புதுப்பிக்காமல் விட்டார்கள். இதை மாற்றியதில் கோவைக்கும் பங்கு உண்டு. கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை மருத்துவர் ராஜசேகரன், சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில் உத்தரவு வந்தது: செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு 3 வருடம், புது டூவீலருக்கு 5 வருடம், மூன்றாம் நபர் இன்சூரன்சை மொத்தமாக எடுத்தாக வேண்டும்.

யார் அந்த மூன்றாம் நபர்? ரோட்டில் நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதினால் நஷ்ட ஈட்டை உரிமையாளரே தர வேண்டும். அவரிடம் பணம் இல்லையென்றால் தீர்ப்பு காகிதத்தோடு நின்றுவிடும். போலீஸ் வாங்கும் 2000 ரூபாய் அந்தக் குடும்பத்துக்குப் போவதில்லை.