புள்ளலூர் 1780: வெடித்த வண்டிகளும் ஆற்காட்டு முற்றுகையும்

1780 செப்டம்பர் 10 அன்று, மைசூரின் ஹைதர் அலியோடு நடந்த போரில், புள்ளலூரில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் வில்லியம் பெய்லியின் படை அழிந்ததற்கு, அதன் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததே தலையாய காரணம் என்ற கருத்து நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. மைசூர் ராக்கெட்டுகள் பற்றி அண்மையில் எழுந்த ஆர்வம் அதற்கு மேலும் வலுச் சேர்த்துள்ளது. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் பாக் மாளிகையின் சுவரோவியம் இதற்கு முதன்மைச் சான்றாக முன்வைக்கப்படுகிறது. அந்த ஓவியம் இம்முடிவைத் தாங்காது என்பதும், புள்ளலூர்ப் போரை ஆற்காட்டு முற்றுகையின் ஒரு கட்டமாக வாசித்தால்தான் அது விளங்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஓவியம். மாளிகை எழுந்த 1784ஆம் ஆண்டில், ஹைதரின் மகன் திப்பு சுல்தானின் விருப்பப்படி மேற்குச் சுவரில் அது தீட்டப்பட்டது. சதுர வியூகத்தில் நெருங்கி நிற்கும் கும்பினிப் படை, அதனுள் பல்லக்கில் அமர்ந்த பெய்லி, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, தொலைநோக்கியோடு பிரெஞ்சு அதிகாரி லாலி என்று காட்சி விரிகிறது. வெடிப்பை நோக்கியே பார்ப்பவர் கண் போகிறது. இதைக் கொண்டு, போரின் திருப்புமுனையும் அதுவே என்று முந்தைய ஆய்வுகள் முடிவுகட்டின.

இங்கே இரண்டு தடைகள் உள்ளன. இன்று நாம் காண்பது 1784இன் தூரிகை வேலை மட்டுமன்று. சிதைந்திருந்த ஓவியத்தை, 1799க்குப் பின் அம்மாளிகையில் தங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி புதுப்பிக்கச் செய்தார். அது மீண்டும் மங்க, 1850களில் டல்ஹௌசியின் ஆணைப்படி மறுபடியும் தீட்டப்பட்டது. தோற்ற தரப்பின் ஆளுநர்கள் இருவர் கைப்பட்ட ஓவியத்தில், வண்டியைத் தாக்கியது பீரங்கிக் குண்டா ராக்கெட்டா என்பது போன்ற நுண்விவரங்களைத் தேடுவது முறையாகாது. இதனினும் பெரிய தடை இன்னொன்று. வெற்றியை ஒரே சுவரில் காட்ட வேண்டிய ஓவியருக்கு ஒரு கணம் தேவை. கீழே காணப்போவதுபோல் ஆற்றங்கரையில் நாள்கணக்கில் முடங்கிக் கிடந்த பெய்லியின் படையை வைத்து அவர் என்ன செய்வார்? வெடிப்பு ஓவியத்தின் நடுவுக்கு வந்தது ஓவியத்தின் தேவையால். போரிலும் அது நடுவில் நின்றதா என்பது வேறு கேள்வி.

ஆங்கிலேய நினைவுக் குறிப்புகளும் வெடிப்பைப் பெரிதாகச் சொல்கின்றனவே, இரு தரப்பும் ஒத்துச் சொல்வது வலுவான சான்றல்லவா என்று கேட்கப்படலாம். 1780களின் இறுதியில் இலண்டனில் வெளியான போர் வரலாறுகளில், ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலிருந்து மீண்டவர்களின் வாய்மொழிகள் நிறைய இடம்பெற்றன. அவர்களுக்கு வெடிப்பு ஒரு தற்செயல். நன்றாகப் போரிட்டோம், விபத்து கெடுத்தது என்று சொல்ல அது வழி தந்தது. திப்புவுக்கோ அது வெற்றியின் முத்திரை. வெடிப்பு நிகழ்ந்தது என்பதை இவ்வொற்றுமை நிறுவுகிறது; அதில் ஐயமில்லை. அதுவே முடிவைத் தந்தது என்பதை நிறுவவில்லை. வெவ்வேறு காரணங்களுக்காக இரு தரப்புக்கும் ஒரே கணம் பிடித்துப் போயிற்று, அவ்வளவே.

நாள்வரிசையைப் பார்ப்போம். ஆகஸ்ட் 21இல் ஹைதர் அலி ஆற்காட்டை முற்றுகையிட்டார். கும்பினியின் கூட்டாளியான ஆற்காட்டு நவாபின் தலைநகரைக் காப்பாற்ற வேண்டும் என்ற நெருக்கடியே கும்பினிப் படைத்தலைவர் ஹெக்டர் மன்றோவைச் சென்னையை விட்டு வெளியே இழுத்தது. படைகள் சென்னைக்கருகில் ஒன்றுசேரட்டும் என்ற கும்பினித் தரப்புப் படை அதிகாரி லார்டு மக்லவுடின் யோசனை தள்ளப்பட்டு, கூடுமிடம் காஞ்சிபுரம் என்றானது. குண்டூரிலிருந்து வந்த பெய்லி இதனால் ஹைதரின் குதிரைப்படை உலவும் நிலத்தைத் தனியே கடக்க வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 25இல் கொசஸ்தலையாற்றின் வடகரையை அடைந்தவர், கடக்கக்கூடிய நிலையில் ஆறு இருந்தும் அக்கரை போகாமல் பாளையமிறங்கினார். இரவில் வெள்ளம் வந்தது. செப்டம்பர் தொடக்கம்வரை அவரால் ஆற்றைக் கடக்க இயலவில்லை. என் பார்வையில், இப்போரில் எந்த வெடிப்பை விடவும் விலைமிக்கது இந்த ஓர் இரவு.

மன்றோ காஞ்சிக்கு நகர்ந்ததும் ஹைதர் முற்றுகையை விலக்கிக்கொண்டு இரு படைகளுக்கும் நடுவில் வந்து நின்றார். செப்டம்பர் 6இல் பெரம்பாக்கத்தில் திப்பு தாக்கினார். பெய்லி அதைத் தாங்கிக்கொண்டாலும் மேலே செல்லும் வலுவை இழந்து, மன்றோவின் உதவியை நாடினார். சுமார் 14 மைல் தொலைவிலிருந்த மன்றோ, முழுப் படையோடு புறப்படாமல் கர்னல் பிளெட்சரின் தலைமையில் ஏறக்குறைய ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். ஏன்? காஞ்சியில் சேர்த்து வைத்திருந்த அரிசியையும் கனரகப் பீரங்கிகளையும் விட்டு அவரால் நகர இயலவில்லை. சென்னையைச் சுற்றிய ஊர்களை ஹைதரின் குதிரைப்படை எரித்திருந்தது. தீர்ந்த அரிசிக்கு மாற்று கிடையாது. கோழைத்தனம் என்று மன்றோவை ஏசும் மரபு இந்த வயிற்றுக் கணக்கைக் காண மறுக்கிறது.

பிளெட்சர், தமக்குக் கொடுக்கப்பட்ட வழிகாட்டிகளை நம்பாமல் வேறு வழியே சென்றதால்தான் பெய்லியை அடைய முடிந்தது. யார் எங்கே நகர்கிறார்கள் என்பது ஹைதருக்கு அவ்வப்போது தெரிந்துகொண்டிருந்தது. மன்றோவுக்கோ, 9ஆம் தேதி இரவில் தம் எதிரே இருந்த பெரும்படை சத்தமின்றிப் புள்ளலூர்ப் பக்கம் விலகியதுகூட உரிய நேரத்தில் தெரியவில்லை. அதே இரவில் நடையைத் தொடராமல் பெய்லி வழியில் தங்கினார். விடிந்தபோது 4,000 பேருக்கும் குறைவான அவர் படையை ஹைதரின் முழுப் படையும் பீரங்கி வரிசையும் சூழ்ந்துவிட்டன. வண்டிகள் வெடித்தது இதன் பிறகுதான். முன்னே போகவும் பின்னே திரும்பவும் வழியற்று நின்ற படையின் முடிவை அது விரைவுபடுத்தியது என்று சொல்லலாம்; அதற்கு மேல் சொல்லச் சான்றில்லை.

வெடிப்பு இல்லாதிருந்தால் மன்றோ வந்து சேரும்வரை பெய்லி தாக்குப்பிடித்திருப்பார் என்பது ஊகம் மட்டுமே. அன்று காலை துப்பாக்கி ஓசை கேட்டுப் புறப்பட்ட மன்றோ, உரிய இடத்தைக் கண்டடையாமலேயே திரும்பினார். ராக்கெட்டுகளின் சிறப்பைக் குறைத்துவிட்டோமோ என்று அஞ்சுவோர்க்கும் ஒரு விடை உண்டு. ஹைதரின் திறமை ஒரு கருவியில் இல்லை, வேவு, குதிரை, தீனி, காலம் ஆகிய நான்கையும் ஒருசேர ஆண்டதில் இருந்தது. இதைச் சொல்வது அவர் பெருமையைக் கூட்டவே செய்யும்.

புள்ளலூருக்கு மறுநாள் மன்றோ தம் கனரகப் பீரங்கிகளைக் காஞ்சியின் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டை நோக்கிப் பின்வாங்கினார். ஹைதர் அவரைச் சென்னைவரை விரட்டவில்லை. அதே மாதத்தில் விட்ட இடத்துக்கே திரும்பி ஆற்காட்டு முற்றுகையைத் தொடர்ந்தார். நவம்பர் தொடக்கத்தில் ஆற்காடு அவரிடம் வீழ்ந்தது.