அஜந்தாச் சுவர்களும் எரிந்த பிரதிகளும்

கலைச் செல்வங்களை அழிப்பவர் பகைவர் மட்டுமே என்று நாம் எண்ணிவிடுகிறோம். அன்பு மிகுதியாலும் அவற்றுக்கு ஊறு நேர்வதுண்டு என்பதை அஜந்தா ஓவியங்களின் பிற்கால வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

வாகோரா ஆறு குதிரை லாட வடிவில் வளைந்து செல்லும் பள்ளத்தாக்கில், செங்குத்தான பாறையில் ஏறத்தாழ 30 குகைகள் குடையப்பட்டுள்ளன. இவற்றுட் சில கிறிஸ்து சகாப்தத்துக்கு முற்பட்டவை, பெரும்பாலானவை கி.பி. 5-ஆம் நூற்றாண்டில், வாகாடக மன்னன் ஹரிஷேணன் காலத்தில் எழுந்தவை. புத்தர்பிரானின் வாழ்க்கையையும், முற்பிறவிக் கதைகளான ஜாதகங்களையும் இவற்றின் சுவர்களில் காண்கிறோம். முதலாவது குகையில் தாமரை ஏந்தி நிற்கும் போதிசத்துவரின் தாழ்ந்த விழிகளில் ததும்பும் கருணை, கண்டோர் உள்ளத்தை விட்டு எளிதில் அகலாது.

இவ்வளவு பெருமை வாய்ந்த ஓவியங்கள் நிற்பது வெறும் மண்ணின்மீது. உமியும் தாவர நாரும் கலந்து குழைத்த களிமண்ணைப் பாறையில் பூசி, அதன்மேல் மெல்லிய சுண்ணப் பூச்சிட்டு, அது உலர்ந்த பின்னரே பசை கலந்த வண்ணங்களைத் தீட்டினர். சுண்ணம் ஈரமாயிருக்கையில் தீட்டினால் வண்ணம் அதனோடு ஒன்றி இறுகிவிடும். இங்கோ வண்ணம் மேற்பரப்பிலேயே தங்கியிருக்கிறது. ஆகவே நீரும் கைபடுதலும் இதற்குப் பெரும் பகை.

1819-ஆம் ஆண்டு, சென்னைப் படையைச் சேர்ந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கில அதிகாரி இக்குகைகளைக் கண்டார். பத்தாவது குகையின் ஓவியத்தின்மீதே தம் பெயரைக் கீறியும் சென்றார். பின்னர் 1844-இல், அதே சென்னைப் படையின் ராபர்ட் கில் பிரதி எடுக்கும் பணியில் அமர்த்தப்பட்டார். பல ஆண்டுகள் காட்டிடையே தங்கி அவர் தீட்டி அனுப்பிய படங்களுட் பெரும்பாலானவை 1866-இல் லண்டன் கண்ணாடி மாளிகையில் மூண்ட தீயில் வெந்தொழிந்தன. 1872 முதல் பம்பாய்க் கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் தம் மாணவர்களுடன் அப்பணியை மீண்டும் மேற்கொண்டார். 1885-இல் லண்டனில் மற்றொரு தீ. அவர்களுடைய படங்களிலும் பல அழிந்தன.

பிரதிகள் எரிந்தது ஒரு துயரமெனில், அவற்றை எடுத்த முறையால் மூலத்துக்கு விளைந்த கேடு அதனினும் பெருந்துயரம். மங்கிய நிறம் தெளிவாகத் தெரியும்பொருட்டுச் சுவரில் வார்னிஷ் பூசினர். நிஜாம் அரசு 1920-களில் வரவழைத்த இத்தாலிய நிபுணர்கள், உதிரும் நிலையிலிருந்த பூச்சுகளைப் பாறையோடு பிணைத்துக் காத்தனர். ஆயினும் அவர்கள் பூசிய அரக்கு மெருகும் காலப்போக்கில் மஞ்சளித்தது. பூசியவர் எவரும் தீங்கு எண்ணியவர் அல்லர். பூசுவதற்குச் சில நாட்கள் போதும். அதை நீக்கவோ பிற்காலத்து ரசாயன வல்லுநர்கள் அங்குலம் அங்குலமாக உழைக்க வேண்டியதாயிற்று.

எனினும் பிரதி எடுத்த முயற்சி முற்றிலும் வீண் என்று நாம் கூறுவதற்கில்லை. 1909 முதல் 1911 வரை ஹெரிங்காம் அம்மையாருடன் அங்கு பணியாற்றிய இளைஞர்களுள் நந்தலால் போஸும் அசித் குமார் ஹால்தாரும் இருந்தனர். அச்சுவர்களின் கோடு அவர்களுடைய தூரிகையில் புதுவாழ்வு பெற்றது. தீக்கு இரையாகாத பிரதி அதுவே எனலாம்.

ஆனால் மூலச் சுவர் ஒன்றே ஒன்றுதான். ஒளியைக் குறைத்தும், கூட்டத்தை அளவோடு அனுமதித்தும் அதனைக் காக்கையில், நன்றாகப் பார்க்க முடியவில்லையே என்று நாம் குறைப்படலாகாது. நமக்குப் பின் வருவோரும் அந்தக் கருணை விழிகளைக் காண வேண்டுமன்றோ?