கொரியப் பேய்களும் பாதியில் நின்ற மனுக்களும்

 "டீச்சர், அடுத்த வரலாற்றுப் பதிவு எப்போது?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். இந்த முறை கொரியா. சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

முழங்கால் வைத்தியத்துக்காக மகள் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. பேத்தி கல்லூரி இரண்டாம் ஆண்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் அவள் அறையில் கொரியப் பேய்ப்படமும் கொலைப்படமும்தான். தூக்கம் வராத நானும் போய் உட்கார்ந்துவிடுவேன். "ஆச்சி, பயப்பட மாட்டீங்கல்ல?" என்றாள் முதல் நாள். முப்பத்திரண்டு வருஷம் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவளுக்கு என்ன பயம்! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சப்டைட்டில் படிக்கப் பழகிவிட்டேன். வேகமாக ஓடினால் அவள் நிறுத்தி வைப்பாள்.

ஒவ்வொரு படம் முடிந்ததும் அவளுக்கு ஒரே புலம்பல். "எவ்வளவு சூப்பரா ஆரம்பிச்சாங்க, கடைசி அரை மணி நேரம் சொதப்பிட்டாங்க ஆச்சி. ஏன் எல்லாரும் இப்படியே பண்றாங்க?" என்று கேட்பாள். பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் பதில் தேடாமல் இருக்க எனக்கு முடியாது. தேடியதில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழங்கதை. கொரியாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை இது. ஜங்ஹ்வா, ஹொங்ரியோன் என்று அக்கா தங்கை. தாய் இறந்த பிறகு வந்த சிற்றன்னை, தோலுரித்த எலியை அக்காவின் படுக்கைக்குள் வைத்து, "இவள் கருவைக் கலைத்துவிட்டாள்" என்று பழி போடுகிறாள். அக்கா குளத்தில் தள்ளப்பட்டுச் சாகிறாள். தங்கையும் அதே குளத்தில் உயிரை விடுகிறாள். அதன் பிறகு அந்த ஊருக்கு வரும் அதிகாரிகள் ஒவ்வொருவராக முதல் ராத்திரியே செத்துப்போகிறார்கள். பேய் அவர்களை அடிப்பதில்லை. அது எதிரே வந்து நின்றதுமே பயத்தில் உயிர் போய்விடுகிறது. கடைசியாக நெஞ்சுரம் உள்ள ஓர் அதிகாரி வந்து, "உனக்கு என்ன வேண்டும், சொல்" என்று கேட்கிறார். பேய் மனுக் கொடுக்கிறது. அவர் மறுநாள் அந்தக் 'கரு'வை வரவழைத்து அறுத்துப் பார்க்கச் சொல்கிறார். உள்ளே எலிப்புழுக்கை. சிற்றன்னைக்கு மரண தண்டனை. ஜோசன் அரசர் காலத்தில், வடக்கே சொல்சான் என்ற ஊரில் நடந்த வழக்கு ஒன்றை ஒட்டிப் பிறந்த கதை என்பார்கள்.

இங்கே பேய் வருவது ஊரை மிரட்ட அல்ல, வழக்குச் சொல்ல. கேட்க ஆள் இல்லாததால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்ததில் எனக்குப் பாதிப் படங்களின் நோய் பிடிபட்டது. முதல் பாதியில் பேய் மனுவோடு வந்து நிற்கும். இரண்டாம் பாதியில் டைரக்டர் மனுவைத் தொலைத்துவிடுவார்.

எல்லாப் பழியையும் டைரக்டர்கள் மேல் போடுவதும் நியாயமில்லை. 1961ல் ராணுவப் புரட்சி செய்து பார்க் சுங்-ஹீ ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டே சினிமாச் சட்டம் வந்தது. கதையையும் படத்தையும் அரசு பார்த்துச் சரி என்றால்தான் திரையரங்குக்குப் போகும். வெளிநாட்டுப் படத்தை இறக்குமதி செய்தால்தான் நல்ல லாபம். அந்த உரிமம் கிடைக்கவோ உள்நாட்டில் இத்தனை படம் எடுத்துக் காட்ட வேண்டும். அப்புறம் என்ன, கணக்குக் காட்டுவதற்காகவே அவசர அவசரமாகப் படங்களை எடுத்துத் தள்ளினார்கள். ஆய்வாளர் வருகிறார் என்றதும் ஒரே ராத்திரியில் நாமும் பதிவேடு எழுதியதில்லையா? எழுதிய தோழிகள் இதைப் படித்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

அந்தச் சட்டத்துக்குச் சற்று முன், 1960ல், கிம் கி-யங் எடுத்த 'ஹவுஸ்மெய்ட்' படத்தைப் பேத்தி தேடிப் பிடித்துப் போட்டாள். அந்த ஏப்ரலில்தான் மாணவர்கள் தெருவில் இறங்கி சிங்மன் ரீயை ஜனாதிபதி நாற்காலியிலிருந்து இறக்கியிருந்தார்கள். நெசவாலையில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் வாத்தியார். மனைவி தையல் மிஷினில் உயிரை விட்டு மாடி வீடு கட்டுகிறாள். வேலைக்கு வரும் பெண்ணால் அந்த வீடு என்ன ஆகிறது என்பதுதான் கதை. மாடிப்படியையும் எலி மருந்துப் புட்டியையும் வைத்தே அப்படி ஒரு நடுக்கம்! கடைசியில் அந்த வாத்தியார் திரும்பி நம்மைப் பார்த்துச் சிரித்து, 'உங்களுக்கும் இப்படி நடக்கலாம், ஜாக்கிரதை' என்கிற தோரணையில் பேசுகிறார். நடந்ததெல்லாம் கற்பனையாம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அது கிண்டல் ஆச்சி, பெரிய மனுஷங்களைப் பார்த்துக் கிண்டல் பண்றார்" என்று பேத்தி வாதாடினாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த வேலைக்காரப் பெண்ணின் வழக்கு என்ன ஆயிற்று?

1996ல் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், வெளிவரும் முன்பே படத்தைத் தணிக்கை செய்வது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அடைத்து வைத்த தண்ணீரைத் திறந்துவிட்ட மாதிரி அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் நல்ல படங்கள் வந்தன. 2003 ஒரு பொற்காலம் என்றே சொல்லலாம். அந்த அக்கா தங்கை கதையை வைத்து கிம் ஜீ-உன் 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' எடுத்தார். அதே ஆண்டு போங் ஜூன்-ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' வந்தது.

இந்த இரண்டாவது படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1986 முதல் 1991 வரை ஹ்வாசொங் என்ற பகுதியில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் அகப்படவில்லை. படத்தில் போலீஸ்காரர்கள் கையில் கிடைத்தவனை அடித்து ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள். அவசரத்துக்குக் கூடுதல் படை கேட்டால், போராட்டத்தை அடக்கப் போயிருக்கிறது என்று பதில் வருகிறது. கடைசிவரை கொலையாளி யார் என்று தெரியாது. துப்பறிந்தவர் நேராக நம்மை வெறித்துப் பார்ப்பதோடு படம் முடியும். இதுவும் முடியாத முடிவுதான், ஆனால் பேத்தி சொதப்பல் என்று சொல்லவில்லை. மனு யாருடையது, கேட்காதவன் யார் என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

நிஜத்தில் நடந்தது படத்தைவிடக் கொடுமை. 2006ல் வழக்குக்கான காலக்கெடுவே முடிந்துபோனது. 2019ல்தான் டிஎன்ஏ சோதனையில் ஆள் தெரிந்தது. வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருப்பவன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அதில் எட்டாவது கொலைக்காக, இளம்பிள்ளை வாதத்தால் கால் ஊனமான வேறொரு மனிதர் ஏறக்குறைய இருபது வருஷம் சிறையில் கிடந்திருந்தார். போலீஸ் துன்புறுத்தி வாங்கிய ஒப்புதல். 2020 டிசம்பரில் மறுவிசாரணையில் அவர் நிரபராதி என்று தீர்ப்பானது. இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

சரி, சரிவு எங்கே தொடங்கியது? கொரியாவில் பேய்ப்படம் கோடைச் சரக்கு. நமக்கு மோர், பதநீர் மாதிரி. முதுகு சில்லிட்டால் வெக்கை தெரியாதாம். ஜப்பானின் 'ரிங்' ஓடியது, 2003ல் இங்கேயும் பேய் நன்றாக விற்றது என்றதும், ஒவ்வொரு கோடைக்கும் முகத்தை மறைத்த தலைமுடியோடு ஒரு பெண். செல்போனில் பேய், விக்கில் பேய், சிவப்புச் செருப்பில் பேய், செல்லோ வாத்தியத்தில் பேய். அடுத்து மிக்ஸியில் வருமா என்று கேட்டேன், பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அண்மையில் வந்ததில் என்னை மிகவும் ஏமாற்றியது 2024ல் வந்த 'எக்ஸூமா'. ஒரு கோடிப் பேருக்கு மேல் திரையரங்கில் பார்த்த படம். ஏமாற்றம் ஏன் என்றால், முதல் ஒரு மணி நேரம் அவ்வளவு அருமை. அமெரிக்காவில் வாழும் பணக்காரக் குடும்பம், பிறந்த குழந்தைக்கு இனம் தெரியாத நோய். மூதாதையர் சமாதியைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று சொல்கிறாள் சாமியாடும் பெண். மண்ணை வாயில் போட்டுச் சுவைத்து நிலத்தின் குணம் சொல்லும் பெரியவர் ஒருவர். சமாதிக்குள் இருப்பவர் யார் என்று பார்த்தால், ஜப்பானியர் ஆட்சியில் அவர்களுக்குச் சேவகம் செய்து சொத்துச் சேர்த்த மனிதர். வண்டி எண்களைக்கூட 0301, 0815, 1945 என்று வைத்திருக்கிறார்கள். 1919 மார்ச் 1 அவர்களின் விடுதலைக் கிளர்ச்சி தொடங்கிய நாள். ஆகஸ்ட் 15 நமக்கு மட்டுமல்ல, 1945ல் அவர்களுக்கும் விடுதலை நாள். என் பழைய மாணவர்களுக்கு இந்த இரண்டாவது தேதி மறந்திருக்காது என்று நம்புகிறேன்.

அந்தச் சமாதிக்குள் கொரியாவின் பெரிய மனு ஒன்று இருந்தது. விடுதலைக்குப் பிறகு, அந்நியனுக்குத் துணைபோனவர்களை விசாரிக்க 1948ல் சட்டம் போட்டுக் குழு அமைத்தார்கள். ஆனால் ஜப்பானியரிடம் வேலை பார்த்த பலர் புதிய அரசின் போலீசிலேயே இருந்தார்கள். 1949 ஜூனில் அந்தப் போலீசே குழுவின் அலுவலகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. அந்த ஆண்டிலேயே குழு கலைக்கப்பட்டது. துணைபோனவர்களின் பிள்ளைகள் வசதியாக வாழ, போராடியவர்களின் பிள்ளைகள் கஷ்டப்பட்ட கதை அங்கே இன்றும் ஆறாத புண். படம் அதைத் தொட்டுவிட்டு, அந்தத் தாத்தா பேயைப் பாதியிலேயே எரித்து முடித்துவிடுகிறது. அப்புறம் அதே குழியில் செங்குத்தாக நட்ட இன்னொரு பெட்டி, அதிலிருந்து மாமிசமலை மாதிரி ஒரு ஜப்பானியப் போர்வீரன். மலைகளில் ஜப்பானியர் இரும்பு ஆணி அறைந்து நாட்டின் உயிர்நாடியை வெட்டினார்கள் என்ற நம்பிக்கையை வைத்துச் செய்தது. 1995ல் அரசாங்கமே முன்னின்று அப்படி ஆணிகளைப் பிடுங்கியது. பல ஆணிகள் நில அளவைக்காக நட்டவை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். வெளியிலிருந்து வந்த அரக்கனைக் கொல்வது சுலபம். வீட்டுக்குள் இருந்த துரோகியை என்ன செய்வது என்ற கேள்வியை, எடுத்த கையோடு கீழே வைத்துவிட்டார்களே என்று எனக்கு ஆதங்கம்.

'கியோங்சொங் கிரியேச்சர்' சீரியலும் அப்படித்தான். 1945, ஜப்பானியர் மருத்துவமனையின் நிலவறையில் மனிதர்கள் மேல் பரிசோதனை. ஹார்பின் அருகே 731ஆம் படைப்பிரிவு நிஜமாகச் செய்த அக்கிரமம் அது. தலைவன் இஷி ஷிரோ, ஆராய்ச்சிக் குறிப்புகளை அமெரிக்கரிடம் கொடுத்துத் தண்டனையில்லாமல் தப்பினான். இதைவிடப் பயங்கரம் ஒரு பூதத்தில் இருக்குமா? அவர்களோ பூதத்தை ஓடவிட்டுக் காதலையும் சேர்த்து, இரண்டாம் பாகத்தை 2024க்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

இனி நான் எழுதத் தயங்கிய படம். 1998ல் வந்த 'விஸ்பரிங் காரிடார்ஸ்'. பெண்கள் உயர்நிலைப் பள்ளி. பிள்ளைகளை அறைகிற, கையை வைக்கக் கூடாத இடத்தில் வைக்கிற வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'பைத்தியக்கார நாய்'. இன்னொரு டீச்சர் 'கிழட்டு நரி'. ஆசிரியர்களைக் கேவலப்படுத்துகிறது என்று அங்கே ஆசிரியர் தரப்பிலிருந்தே எதிர்ப்பு வந்ததாம். சியோலில் பள்ளிகளில் பிரம்படியைத் தடை செய்தது 2010ல்தான். இந்தப் படத்தின் பேய், ஒன்பது வருஷம் முன்பு இறந்த மாணவி. அவள் வேறு வேறு பெயரில் அதே பள்ளிக்கு வந்துகொண்டே இருக்கிறாள். வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கிறாள். எந்த ஆசிரியருக்கும் தெரியவில்லை, முகத்தை ஏறிட்டுப் பார்த்தால்தானே தெரியும்! பழைய ஆண்டுமலர்களைப் புரட்டிய ஒரே ஒரு டீச்சர்தான் கண்டுபிடிக்கிறார், அதுவும் படத்தின் தொடக்கத்திலேயே.

இதே வரிசையில் மேலும் ஐந்து படங்கள் வந்தன. இரண்டாவது நன்று. மூன்றாவதில் இருபத்தெட்டுப் படிகளுக்குப் பிறகு இருபத்தொன்பதாவது படி தோன்றினால் வரம் கிடைக்கும் என்று போனார்கள். 2021ல் வந்த ஆறாவதில் 1980 குவாங்ஜூ கொடுமையையும் இன்றைய பள்ளியின் பாலியல் கொடுமையையும் சேர்த்துக் குழப்பி, இரண்டையும் வீணடித்தார்கள். அதற்கு மேல் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

முதல் படம் முடிந்ததும் பேத்தி வழக்கம்போல், "கிளைமாக்ஸ்ல ஒரே ரத்தமா ஊத்திட்டாங்க, இல்ல ஆச்சி?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வேறொரு பதிவேடு ஞாபகம் வந்துவிட்டது.

1991ஆம் ஆண்டு, ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு. கடைசி வரிசையில் சுவரோரமாக ஒரு பிள்ளை. ராத்திரி வெகுநேரம் தீப்பெட்டிக் கட்டை ஒட்டிவிட்டு வந்து மத்தியான வகுப்பில் தூங்கிவிடும். காரணம் கேட்காமல் இரண்டு நாள் பிரம்பால் அடித்தேன். மூன்றாம் நாள் வரவில்லை. விடுப்பு நீண்டதும் விதிப்படி பெயர் மேல் சிவப்பு மையில் கோடு போட்டேன். வீடு பள்ளியிலிருந்து பத்து நிமிஷ நடை. நான் போகவில்லை. இப்போது யோசித்தால் அந்தக் கோடு ஞாபகம் இருக்கிறது, கோட்டுக்கு அடியில் இருந்த பெயர் ஞாபகம் இல்லை. முகமும் வரவில்லை. விரல் நுனியில் காய்ந்த பசை மட்டும் தெரிகிறது.

அந்த வகுப்பில் படித்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேராவது இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். அந்தப் பிள்ளை யார், இப்போது எங்கே இருக்கிறாள் என்று யாருக்காவது தெரிந்தால், இங்கே பெயர் போட வேண்டாம். எனக்குப் போன் செய்யுங்கள். பழைய நம்பர்தான். முழங்கால் சரியானதும் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன்.